பயிற்சி ஒரு நாட்டில், வகுப்பு இன்னொரு நாட்டில்: புதிய பல்கலைக்கழக ஆசிரியர் கையோடு எடுத்துப்போவது என்ன?

புதிய நாடு, புதிய பல்கலைக்கழகம், முதல் வாரம். பாடத்தின் நடுவே ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார், கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். பிஎச்டி படித்த இடத்தில் நடந்த கற்பித்தல் பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: கேள்வி கேட்ட கையோடு நீங்களே பதிலையும் சொல்லிவிடாதீர்கள், குறைந்தது 3 விநாடி பொறுங்கள். அங்கே அது நன்றாகவே பலித்தது, இரண்டாவது விநாடியிலேயே யாராவது கை தூக்கிவிடுவார்கள். இங்கே 3 விநாடி போகிறது, 5 போகிறது, 10 போகிறது, அறை முழுக்கக் குனிந்த தலைகள். கடைசியில் அவரே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போகிறார். அன்று இரவு, தனக்குக் கற்பிக்கத் தெரியவில்லையோ என்ற சந்தேகம் அவருக்கு முதல்முறையாக வருகிறது.

அந்த 3 விநாடிக் கணக்கு யாரோ சும்மா சொல்லி வைத்ததில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை 3 விநாடிக்கு நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள், 'தெரியாது' என்பது குறைந்தது. அருமையான கண்டுபிடிப்பு, இன்றுவரை பயிற்சிகளில் சொல்லித்தருவதும் நியாயமே. ஆனால் ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு மாணவர் பதில் சொல்ல வேண்டும் என்று இரு தரப்பும் நம்பும் அறையில்தான் அந்த மௌனம் யோசிக்கும் நேரமாக மாறும். எல்லோர் முன்னாலும் தவறாகச் சொல்வது பெரிய அவமானம் என்று நினைக்கும் வகுப்பில், அல்லது முந்திக்கொண்டு பதில் சொல்பவரைச் சக மாணவர்கள் அலட்டல் பேர்வழி என்று பார்க்கும் வகுப்பில், அது வெறும் சங்கடமான இடைவெளி, அவ்வளவுதான்.

என் கட்சி இதுதான். முனைவர் பட்டக் காலத்தில் கிடைக்கும் கற்பித்தல் பயிற்சியில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, அந்த நாட்டு வகுப்பறையின் வழக்கங்கள். இன்னொன்று, மாணவருக்குப் புரிந்ததா என்று விடாமல் சோதித்துப் பார்க்கும் பழக்கம். முதலாவது எல்லை தாண்டியதும் பாதி செல்லாக்காசாகிவிடும், இரண்டாவது எங்கே போனாலும் கைகொடுக்கும். சிக்கல் எங்கே என்றால், பயிற்சி தருபவர்கள் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. அவர்களே அந்த நாட்டுக்குள் இருந்துகொண்டுதானே சொல்லித்தருகிறார்கள், தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்குத் தண்ணீர் தெரிவதில்லை.

சரி, இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். டாக்டர் என்ற சொல்லே கற்பித்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் அந்தப் பட்டம் அடிப்படையில் கற்பிப்பதற்கான உரிமம். 1233-இல் போப் ஒன்பதாம் கிரிகோரி பிரான்சின் துலூஸ் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சலுகை தந்தார்: அங்கே பட்டம் பெற்றவர் மறுபடி தேர்வு எதுவும் எழுதாமல் வேறு எந்த இடத்திலும் கற்பிக்கலாம். 'எங்கும் கற்பிக்கும் உரிமை' என்றே அதற்குப் பெயர். காகிதத்தில் அந்த உரிமை இருந்தது, எல்லா ஊரும் அதை மதித்ததா என்பது வேறு கதை. ஆனாலும் பாடமொழி எங்கும் லத்தீன், நூல்களும் பெரும்பாலும் அதே நூல்கள், வாசித்து விளக்கி விவாதிக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அப்படி ஒரு உரிமைக்கு அர்த்தம் இருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டத்தை ஆராய்ச்சிப் பட்டமாக உருமாற்றின. அமெரிக்காவில் யேல் 1861-இல் முதல் பிஎச்டி பட்டங்களை வழங்கியது. அப்போதிருந்து பட்டத்தின் பெயரில் மட்டும் கற்பித்தல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளடக்கத்தில் ஆராய்ச்சிதான் எல்லாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் எண்ணிக்கை பெருகியது. வகுப்பெடுக்க ஆள் போதாமல் முனைவர் பட்ட மாணவர்களையே டிஏ என்ற கற்பித்தல் உதவியாளர்களாக வகுப்புக்கு அனுப்பினார்கள், பயிற்சி ஏதும் இல்லாமலேயே. இதை யாராவது சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் மெதுவாகத்தான் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962-இல் கற்பித்தலுக்கென்றே ஒரு ஆய்வு மையம் தொடங்கியது, 1963-இல் ஸ்டான்ஃபோர்டில், சின்னப் பாடமாக நடத்திப் பார்த்துப் பழகும் மைக்ரோ டீச்சிங் என்ற முறை உருவானது, 1993-இல் முனைவர் பட்ட மாணவர்களை வருங்காலப் பேராசிரியர்களாகத் தயார்செய்யும் ஒரு தேசியத் திட்டம் வந்தது.

பிரிட்டனில் உயர்கல்வியை ஆராய அமைத்த டியரிங் குழு 1997-இல் தந்த அறிக்கை, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் முறையான பயிற்சி வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன் தொடர்ச்சியாகத்தான் இன்று அங்கே வகுப்பெடுக்கும் முனைவர் பட்ட மாணவர்கள் ஒரு குறுகிய பயிற்சியை முடித்து, தாங்கள் எப்படிக் கற்பிக்கிறோம் என்று எழுதிக் கொடுத்து, அசோசியேட் ஃபெல்லோ என்ற அங்கீகாரம் வாங்குகிறார்கள். ஸ்வீடன் 2003-இல் நிரந்தர விரிவுரையாளர் வேலைக்கு 10 வாரக் கற்பித்தல் பயிற்சியைத் தகுதியாக்கி, 2011-இல் அந்த விதியை எடுத்துவிட்டு முடிவைப் பல்கலைக்கழகங்களிடமே விட்டது. நார்வே 2019 முதல் குறைந்தது 200 மணி நேரப் பயிற்சியை எதிர்பார்க்கிறது. ஆக, 'கற்பித்தல் பயிற்சி எடுத்தவர்' என்று இரண்டு பேர் சொன்னால் இருவரும் ஒரே பொருளைச் சொல்கிறார்கள் என்று நம்பிவிட முடியாது. ஒருவருக்கு அது செமஸ்டர் தொடங்கும் முன் இரண்டு நாள் கூட்டம், அதிலும் பாதி நேரம் விதிமுறைகள். இன்னொருவருக்கு அது ஒரு வருடம் வகுப்பெடுத்துக்கொண்டே எழுதி, விவாதித்து, பிறர் வந்து பார்த்துக் கருத்துச் சொன்ன அனுபவம்.

பயிற்சியின் பெரிய வேலை புதிய உத்திகளைச் சொல்லிக்கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் யாரும் கற்பித்தலைப் பற்றி வெறுங்கையோடு வகுப்புக்குள் நுழைவதில்லை. பள்ளியிலும் கல்லூரியிலுமாக 16, 17 வருடம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறோம். டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் இதைப் பார்த்துப் பழகும் தொழிற்பயிற்சி என்று விளக்கினார். தச்சரின் மகன் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொள்வது மாதிரி இருக்கிறது, ஆனால் ஒரு குறை: நாம் பார்த்தது முன்னால் நின்று பேசும் ஆசிரியரை மட்டும்தான். அவர் முந்தின இரவு எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று யோசித்ததோ, விடைத்தாளைப் பார்த்துவிட்டு அடுத்த வகுப்பை மாற்றியதோ நம் கண்ணில் படவே இல்லை. அதனால் பயிற்சி இல்லாமல் வகுப்புக்குப் போகிறவர் தனக்குப் பிடித்த ஆசிரியரின் மேடைப் பாணியை அப்படியே எடுத்துக்கொள்கிறார். நல்ல பயிற்சி இந்தப் பழக்கத்தை வெளியே இழுத்துப் போட்டு, 'ஏன் இப்படிச் செய்கிறேன்' என்று கேட்க வைக்கிறது.

வெளிநாட்டுக்குப் போகிறவரிடம் இந்தப் பழக்கம் இரண்டு அடுக்காக இருக்கும். பிறந்து வளர்ந்த நாட்டில் மாணவராகப் பார்த்தது ஒரு அடுக்கு, பிஎச்டி படித்த நாட்டில் உதவியாளராகப் பழகியது இன்னொரு அடுக்கு, இப்போது வேலைக்கு வந்திருப்பது மூன்றாவது நாடாகக்கூட இருக்கலாம். முதல் அடுக்கைக் கேள்வி கேட்கப் பயிற்சி கற்றுக்கொடுத்திருக்கும். ஆனால் பயிற்சியையே கேள்வி கேட்க யார் கற்றுக்கொடுத்தார்கள்? பெரும்பாலும் யாரும் இல்லை. அதனால்தான் புதியவர்கள் சிலர் பயிற்சியில் கேட்டதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, புதிய வகுப்பு ஒத்துவராதபோது மாணவர்கள் மேல் குறை காண்கிறார்கள். 'இவர்களுக்கு விமர்சனமாக யோசிக்கத் தெரியாது' என்ற ஒரு வாக்கியம் இப்படித்தான் பிறக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அதே மாணவர்கள் வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் தங்களுக்குள் காரசாரமாக விவாதிப்பார்கள், ஆசிரியர் அதைப் பார்க்க வாய்ப்பில்லை.

இதையெல்லாம் வைத்துப் பயிற்சியே வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கிரஹாம் கிப்ஸும் மார்ட்டின் காஃபியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு 8 நாடுகளில் 22 பல்கலைக்கழகங்களின் பயிற்சிகளைப் பார்த்தது. பயிற்சி எடுத்தவர்கள் நாளடைவில் மாணவர் பக்கம் கவனத்தைத் திருப்பினார்கள், அவர்களிடம் படித்தவர்கள் மேலோட்டமாக மனப்பாடம் செய்வதும் குறைந்தது. பயிற்சி எடுக்காத ஒப்பீட்டுக் குழுவில் முன்னேற்றம் இல்லை, சில அம்சங்களில் பின்னடைவுகூட இருந்தது. காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. புதிய வேலை, ஆராய்ச்சி நெருக்கடி, துறையில் மூத்தவர்கள் எல்லோரும் பழைய வழியில் போகிறார்கள், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத புதியவர் அந்த ஓட்டத்தோடு போய்விடுகிறார்.

மதிப்பெண் என்னும் பெரிய பள்ளம்

எல்லை தாண்டும்போது முதலில் உடைவது எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: மதிப்பெண் போடுவது. வகுப்பில் பேசும் விதம், மாணவர்களை அழைக்கும் விதம் எல்லாம் ஓரிரு வாரங்களில் பழகிவிடும். மதிப்பெண் அப்படியில்லை, அது கைக்குள் ஊறிப்போன அளவு. அமெரிக்காவில் பழகியவருக்கு 90-க்கு மேல் என்றால் ஏ, 70 என்றால் சுமார். அவர் பிரிட்டனில் போய் ஒரு நல்ல கட்டுரைக்கு 88 போட்டால் துறையே திரும்பிப் பார்க்கும். அங்கே 70 தொட்டாலே முதல் வகுப்பு, இளநிலைத் தேர்ச்சிக்கு 40 போதும், கட்டுரைப் பாடங்களில் 80-ஐத் தாண்டுவது அபூர்வம். பிரான்சில் 20-க்கு மதிப்பெண், 10 எடுத்தால் தேர்ச்சி, 20-க்கு 20 என்பதைக் கண்ணால் பார்ப்பது கடினம். ஜெர்மனியில் கணக்கே தலைகீழ், 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. டென்மார்க்கில் அளவுகோல் மைனஸ் 3-இல் தொடங்கி 12-இல் முடிகிறது, நடுவில் சில எண்கள் கிடையவே கிடையாது.

எண்களை மாற்றும் அட்டவணை எந்தப் பல்கலைக்கழக இணையதளத்திலும் கிடைக்கும், அதனால் பிரச்சினை தீராது. ஒரு விடைத்தாளைப் பார்த்ததும் 'இது நல்ல வேலை' என்று மனம் சொல்வதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பழைய விடைத்தாள்களின் நினைவு இருக்கிறது, அந்தத் தாள்கள் எல்லாம் வேறு நாட்டு மாணவர்கள் எழுதியவை. ஓரிடத்தில் சொந்தக் கருத்தைத் துணிந்து சொல்லும் கட்டுரைக்கு மேல் மதிப்பெண், இன்னோரிடத்தில் படித்த நூல்களை முறையாக வரிசைப்படுத்தி அதன்பின் அடக்கமாக ஒரு முடிவுக்கு வருவதற்கு மேல் மதிப்பெண். பயிற்சியில் ரூப்ரிக் தயாரிக்கக் கற்றிருப்பார்கள், அளவுகோலின் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எதிர்பார்ப்பு என்று எழுதும் அந்தப் பட்டியல் மிகவும் உபயோகமானதுதான். ஆனால் 'தெளிவான வாதம்' என்று ரூப்ரிக்கில் எழுதினால் அந்தத் தெளிவு யாருடைய கண்ணுக்கு என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அதிகாரம் யார் கையில் என்பதும் மாறும். அமெரிக்கப் பயிற்சிகளில் பாடத்திட்டம் எழுதுவது முக்கியமான பகுதி. முதலில் மாணவர் முடிவில் என்ன செய்யக் கற்றிருக்க வேண்டும் என்று தீர்மானி, அதை எப்படிச் சோதிப்பாய் என்று யோசி, கடைசியில் வாரவாரப் பாடத்தை அமை என்று பின்னாலிருந்து முன்னால் வரும் முறையை அங்கே சொல்லித்தருவார்கள். ஆசிரியரே வினாத்தாள் எடுத்து, ஆசிரியரே திருத்தி, ஆசிரியரே கிரேடு போடும் அமைப்புக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். பிரிட்டனில் ஒரு பாடத்தை எப்படி மதிப்பிடுவது என்பது குழுவில் ஒப்புதல் பெற்ற ஆவணம், நடுவில் தோன்றியபடி மாற்ற முடியாது. வினாத்தாளை இன்னொருவர் பார்ப்பார், திருத்திய தாள்களில் ஒரு பகுதியைச் சக ஆசிரியர் சரிபார்ப்பார், வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் வெளித்தேர்வாளர் தரம் சரியா என்று சொல்வார். டென்மார்க்கில் வாய்மொழித் தேர்வுகள் சகஜம், பலவற்றில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மாணவர் வெளியே போனதும் இருவருமாகப் பேசி மதிப்பெண்ணை முடிவு செய்வார்கள்.

தன்னிச்சையாக எல்லாம் செய்து பழகியவருக்கு இது முதலில் கைகால் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், தன்மேல் நம்பிக்கை இல்லையோ என்று மனசு சுருங்கும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் புதியவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. இரண்டு பேர் ஒரே தாளைத் திருத்திவிட்டு 'நீ ஏன் 58 போட்டாய், நான் ஏன் 66 போட்டேன்' என்று உட்கார்ந்து பேசும் அரைமணி நேரத்தில் கிடைப்பது எந்தப் பயிலரங்கிலும் கிடைக்காது.

நாட்டுக்கு நாடு மாறும் சின்ன வழக்கங்களும் உண்டு, அவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். ஜெர்மனியிலும் வட ஐரோப்பாவிலும் பல இடங்களில் 10 மணி வகுப்பு என்றால் 10.15-க்குத் தொடங்கும், கல்விக் கால்மணி என்ற பழைய மரபு அது. ஜெர்மன் மாணவர்கள் விரிவுரை முடிந்ததும் மேசையை விரல் மூட்டால் தட்டுவார்கள், அது பாராட்டு. டென்மார்க்கிலும் ஃபின்லாந்திலும் ஆசிரியரைப் பெயர் சொல்லியே அழைப்பார்கள். இவையெல்லாம் முதல் நாள் ஆச்சரியம், மூன்றாம் வாரம் பழக்கம்.

விரிவுரையைக் குறைத்து மாணவர்களை வேலை செய்ய வைக்கும் முறை பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் இன்றைய பயிற்சிகளின் மையமே அதுதான். அதற்கான ஆதாரம் வலுவானது. ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் அறிவியல், கணிதம், பொறியியல் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் விரிவுரை வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்கள் செயலில் இறங்கிய வகுப்புகளில் 21.8 சதவீதம். இதைப் படித்துவிட்டுப் புது நாட்டுக்குப் போகும் ஆசிரியர் முதல் வகுப்பிலேயே நாற்காலிகளை நகர்த்தி நாலு நாலு பேராக உட்காரச் சொல்கிறார். மாணவர்கள் முழிக்கிறார்கள். அவர்கள் பார்வையில் இவர் பாடம் நடத்தாமல் தப்பிக்கிறார்.

இந்த எதிர்ப்பை ஏதோ ஒரு நாட்டின் குணம் என்று நினைத்துவிடக் கூடாது. ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது: மாணவர்களே முட்டி மோதிக் கணக்குப் போட்ட வகுப்பில் தேர்வு மதிப்பெண் கூடியது, ஆனால் சரளமான விரிவுரையில்தான் அதிகம் கற்றோம் என்று அதே மாணவர்கள் நம்பினார்கள். முட்டி மோதும்போது புரியாத மாதிரி இருக்கும், வழவழவென்று ஓடும் விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். ஹார்வர்டிலேயே இப்படி என்றால், அந்த மாதிரி வகுப்பை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களிடம் புதிதாக வந்த வெளிநாட்டு ஆசிரியர் அதை முதல் நாளே திணித்தால் என்ன ஆகும்? அந்த ஆய்வு செய்தவர்களே சொன்ன வழி, பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் காரணத்தை வெளிப்படையாகப் பேசிவிடுவது. இப்படிச் செய்யப்போகிறேன், இதனால் இன்ன பலன், முதலில் கடினமாகத்தான் இருக்கும் என்று 10 நிமிடம் பேசுவது. பயிற்சி எடுத்த அறையில் இந்த 10 நிமிடம் தேவைப்பட்டிருக்காது, உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நம்பியவர்கள்.

என் யோசனை, முதல் வகுப்பில் 50 நிமிடத்தில் 5 நிமிடத்தை மட்டும் பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கொடுக்கலாம், மூன்றாம் வாரம் அது 15 ஆகட்டும். எல்லோர் முன்னாலும் பேசத் தயங்கும் வகுப்பில் முதலில் தாளில் எழுதச் சொல்லி, அப்புறம் பக்கத்தில் காட்டச் சொல்லி, அப்புறம்தான் சத்தமாகக் கேட்கலாம். தொடக்கத்தில் சொன்ன அந்த 3 விநாடி மௌனமும் இப்படிப் படிப்படியாகப் போனால் பலிக்கிறது, ஏனென்றால் அப்போது மாணவர் சொல்வது தன் பதிலை மட்டும் இல்லை, 'நாங்கள் இப்படி நினைத்தோம்' என்று இருவர் பதிலை. தவறானாலும் பழி பாதிதான்.

உச்சரிப்பு பற்றிய பேச்சு

வெளிநாட்டிலிருந்து வந்த ஆசிரியர்களின் மொழியைப் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். அமெரிக்காவில் 1980களில் வெளிநாட்டு உதவியாளர்களின் ஆங்கிலம் புரியவில்லை என்று மாணவர்களும் பெற்றோர்களும் முறையிட்டதால், பல மாநிலங்கள் கற்பிப்பவரின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கச் சட்டம் போட்டன. அதன் விளைவாகத்தான் பேச்சுத் தேர்வுகளும் உச்சரிப்பு வகுப்புகளும் இந்தப் பயிற்சியின் பகுதியாயின. அந்த வகுப்புகளில் கிடைக்கும் பயன் உண்மையானது, எங்கே அழுத்தம் கொடுப்பது, எங்கே நிறுத்துவது என்பது கேட்பவருக்குப் பெரிய உதவி.

ஆனால் டொனால்ட் ரூபின் 1992-இல் வெளியிட்ட ஒரு சோதனையை ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரின் குரலில் பதிவுசெய்த ஒரே விரிவுரையை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டினார். சிலருக்கு அந்தக் குரலோடு வெள்ளையினப் பெண்ணின் படம், சிலருக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் பேச்சில் வெளிநாட்டு உச்சரிப்பு இருப்பதாகச் சொன்னார்கள், அதோடு பாடத்தைக் கேட்டுப் புரிந்துகொண்ட அளவும் அவர்களிடம் குறைந்திருந்தது. குரல் ஒன்றுதான், மாறியது படம் மட்டும். புரியாமல் போவதில் ஒரு பங்கு கேட்பவரின் காதில் இருக்கிறது என்று இதற்குமேல் தெளிவாகக் காட்ட முடியாது. புதிய ஆசிரியர் வீட்டுக்குப் போய்த் தன் உச்சரிப்பை மட்டும் நொந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இன்று எந்த மூன்று விஷயம் பார்க்கப்போகிறோம் என்று பலகையின் ஓரத்தில் எழுதிவைத்து, ஒவ்வொன்றும் முடிந்ததும் அதைத் தொட்டுக்காட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். முக்கியக் கலைச்சொற்களைச் சொல்லும்போதே எழுதலாம். மாணவர் கேட்ட கேள்வியைத் தன் வார்த்தையில் திரும்பச் சொல்லி 'இதைத்தானே கேட்டீர்கள்' என்று உறுதிப்படுத்தலாம். உச்சரிப்பைத் திருத்த வருடங்கள் ஆகும், இவற்றை அடுத்த வகுப்பிலேயே தொடங்கலாம். இன்னொரு பக்கமும் இதில் உண்டு. ஒரு விஷயத்தை இரண்டாம் மொழியில் கற்று, எங்கே சிக்கினோம் என்று இன்னும் நினைவிருக்கும் ஆசிரியருக்கு, மாணவர் எங்கே சிக்குவார் என்பது சீக்கிரம் தெரியும்.

இனி, எங்கு போனாலும் உதவும் அந்தப் பழக்கத்துக்கு வருகிறேன். பயிற்சியில் சொல்லித்தரும் மிகச் சாதாரணமான ஒன்று: வகுப்பின் கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு சின்னத் தாளில், பெயர் போடாமல், இன்று முக்கியமாக என்ன கற்றீர்கள், எது இன்னும் குழப்பமாக இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டுப் போகச் சொல்வது. பேசாத வகுப்பிலும் இது பேசும். பத்துத் தாளில் ஒரே குழப்பம் வந்தால் தவறு மாணவரிடம் இல்லை, விளக்கத்தில்தான். அடுத்த வகுப்பை 'போனமுறை உங்களில் பலர் இதைக் குழப்பமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்' என்று தொடங்கினால், இவர் நாம் எழுதியதைப் படிக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. எந்த நாட்டு மாணவருக்கும் அது பிடிக்கும்.

மைக்ரோ டீச்சிங்கும் அப்படித்தான். ஐந்து, பத்து நிமிடப் பாடத்தைக் கூடப் பயிற்சி எடுப்பவர்கள் முன் நடத்தி, வீடியோவில் தன்னையே பார்த்து, கருத்துக் கேட்டு, மறுபடி நடத்துவது. முதல்முறை தன்னைத் திரையில் பார்ப்பது கொடுமையாக இருக்கும், 'ஓகே' என்று எத்தனை முறை சொல்கிறோம், பலகையைப் பார்த்தே எவ்வளவு நேரம் பேசுகிறோம் என்று தெரியும்போது உடம்பு கூசும். அந்தக் கூச்சத்தைத் தாண்டியவருக்கு ஒரு பெரிய லாபம், இன்னொருவர் தன் வகுப்பில் வந்து உட்காருவதைத் தாக்குதலாக எடுத்துக்கொள்ள மாட்டார். பல துறைகளில் மூத்த பேராசிரியர்களே கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பெடுக்கிறார்கள், இந்தப் புதியவர் 'ஒருநாள் என் வகுப்புக்கு வாருங்களேன், உங்கள் வகுப்புக்கு நான் வரட்டுமா' என்று கேட்கும் துணிச்சலோடு வருகிறார். வெளிநாட்டில் முதல் வருடத்தில் இதைவிடப் பெரிய சொத்து எனக்குத் தோன்றவில்லை.

பயிற்சி தரும் மையங்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கலாம் என்றால், ஒவ்வொரு உத்தியையும் சொல்லித்தரும்போது அது எந்த மாதிரி வகுப்பில் உருவானது, எத்தனை மாணவர்கள், அவர்களுக்கு முன்பழக்கம் என்ன, மதிப்பெண் யார் கையில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயிற்சி அறையிலேயே நாலைந்து நாட்டிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், 'இது நீங்கள் படித்த இடத்தில் நடக்குமா, நடக்காதென்றால் ஏன்' என்று அவர்களைக் கேட்டாலே போதும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அந்த அறிவை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது உண்மையிலேயே ஆதங்கம் தரும் விஷயம்.

வேலைக்கு எடுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பொறுப்பு உண்டு. சம்பளப் படிவம், அடையாள அட்டை, மின்னஞ்சல் கணக்கு எல்லாம் முதல் நாளே தந்துவிடுவார்கள். போன வருடத்து விடைத்தாள்களில் பெயரை மறைத்து ஆறேழு தாளை, போட்ட மதிப்பெண்ணோடும் எழுதிய குறிப்புகளோடும் தருவது அரிது. தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். முதலில் மதிப்பெண்ணைப் பார்க்காமல் நீங்களே திருத்திப் பாருங்கள், அப்புறம் துறை போட்டதோடு ஒப்பிடுங்கள். எந்தத் தாளில் வித்தியாசம் அதிகமோ அதை எடுத்துக்கொண்டு, அந்தப் பாடத்தை முன்பு நடத்தியவரின் அறைக் கதவைத் தட்டுங்கள். செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தின வாரம் என்றால் இன்னும் நல்லது, அவருக்கும் அப்போதுதான் பேச நேரம் இருக்கும்.